ஓர் ஆங்கிலச் சொல்லும் குளக்கட்டின் அடிவரிசையும்

போன மாதம் ஓய்வூதிய அலுவல் ஒன்றுக்காகப் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். குளங்களையும் வாய்க்கால்களையும் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அது. என் வாழ்க்கையின் பெரும்பகுதியை அங்கேதான் கரைத்தேன். நான் இருந்த கதிரையில் இப்போது தர்சினி என்றொரு பிள்ளை இருக்கிறாள். தேநீர் வருவதற்குள் கையிலிருந்த தட்டையான கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"அங்கிள், இனிக் குளக்கட்டு பாத்து நீட்டி எழுதுற வேலை இல்லை. படத்தை எடுத்துப்போட்டு இதில ஒரு சொல்லைத் தொட்டாச் சரி."

நல்லது, சுமார், திருத்த வேண்டியது என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கடைசியில் என் பழைய கூட்டாளி நின்றார்: டிலப்பிடேற்றட், அதாவது பாழடைந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணம் கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். தேநீர் ஆறிப்போனது, பக்கத்து மேசைக்காரர்களும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். முடிவில், "இதை எழுதித் தாங்கோ, எங்கட ஆண்டு மலருக்குப் போடுவம்" என்றாள். மலருக்கு விளம்பரம் குறைந்துவிட்டதோ என்னவோ. எதுவானாலும் கேட்டதற்கு நன்றி. கேட்காமலே கதைக்கிற மனிசன் என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

நான் உருத்திரபுரத்தான். அப்பா வடமராட்சியிலிருந்து காணி கிடைத்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். வாய்க்காலில் நீந்திப் பழகி, வாய்க்காலில் சண்டை பிடித்து, கடைசியில் வாய்க்காலுக்கே சம்பளம் வாங்கப் போனேன். முதலில் வேலை மேற்பார்வை, பிறகு ஒரு படிப்பு, ஒரு சோதனை, பிறகு தொழில்நுட்ப உதவியாளர். ஊரில் "ரீ.ஏ." என்பார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் மட்டக்கோல் பிடித்தேன், மழையில் திட்டு வாங்கினேன்.

ஆனால் குளக்கட்டு பார்க்கும் முறையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மாரியில் கட்டின் வெளிப்பக்கத்து அடியில் நடக்க வேண்டும். வயல் பக்கமாக ஈரம் கசிகிறதா என்று காலால் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் புல் ஏமாற்றிவிடும். கசிகிற நீர் தெளிவாக இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். கலங்கி வந்தால் கட்டுக்குள்ளிருந்து மண் கழுவுப்படுகிறது என்று அர்த்தம், அப்போது சாப்பாட்டை மறந்துவிட வேண்டும். கோடையில் உள்பக்கம், அதாவது நீர்ப்பக்கத்துச் சரிவு. அங்கே அலை மண்ணைத் தின்னாமலிருக்கக் கருங்கல் அடுக்கியிருப்பார்கள். புற்று, முள்ளம்பன்றி வளை, மரவேர், கழன்ற கல் எல்லாம் நீர் வற்றிய காலத்தில்தான் கண்ணில் படும். இதை எனக்குக் காட்டித் தந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. நடக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

இப்படி நடந்து பார்த்த பிறகு அறிக்கை எழுத வேண்டும், ஆங்கிலத்தில். அங்கேதான் அந்தச் சொல் கைகொடுத்தது. எனக்கு முன்பு இருந்தவர் எழுதினார், அவருக்கு முன்பு இருந்தவரும் எழுதினார். கட்டு டிலப்பிடேற்றட். நீர் திறக்கும் துருசு டிலப்பிடேற்றட். அலுவலக மலசலகூடக் கதவும் டிலப்பிடேற்றட். எந்த வருத்தத்துக்கும் பரசிற்றமோல் கொடுப்பதுபோல எங்களுக்கு அது. எழுதினால் மேலே இருக்கிறவர் கையெழுத்து வைப்பார், அவருக்கு மேலே இருக்கிறவர் காசு இல்லை என்று எழுதுவார், அறிக்கைக் கோவை மூடப்படும்.

சண்டை முடிந்து, முகாம்களிலிருந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த நாட்களில் எங்களுக்குப் புதிய பொறியியலாளர் வந்தார். பெண். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே நாங்கள் கூப்பிட்டபடி மிஸ் என்றே எழுதுகிறேன். சீனி போடாத தேநீர், தட்டைச் செருப்பு, எந்நேரமும் கையில் ஒரு கறுப்புக் குடை. குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்ததை எங்களுக்கு முன்னாலேயே மெதுவாக, சத்தமாக வாசிப்பார். ஏதாவது ஒரு சொல்லில் நிற்பார். நிமிர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு, பழைய ஆட்கள் கோவையைத் தூக்கி எறிந்த கோபம் எவ்வளவோ மேல் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

தர்மபுரத்துக்கு உட்புறமாக ஒரு சிறிய குளம். பெயர் வேண்டாம், அந்த ஊர்ச் சனம் என்னைத் தெருவில் கண்டால் இன்றும் நிறுத்தித் தேநீர் தருகிறவர்கள். அந்தக் குளத்துக்கான அறிக்கையை மிஸ் வாசித்துக்கொண்டு வந்தார். வழக்கமான சொல்லில் நின்றார்.

"செல்வராசா, இதுக்கு என்ன அர்த்தம்?"

"பழுதடைஞ்சு போச்சு எண்டு மிஸ்."

"அது எனக்கும் தெரியும். இந்தச் சொல் எங்கயிருந்து வந்தது எண்டு தெரியுமோ?"

தெரியாது என்றேன். அவர் படித்த கொன்வென்றில் வயதான கன்னியாஸ்திரி ஒருவர் இருந்தாராம். ஆங்கிலம் படிப்பிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் நண்டைக் கழற்றுவதுபோலக் கழற்றிக் காட்டுவாராம். அந்த முறையிலேயே மிஸ்ஸும் எனக்குக் கழற்றினார். நடுவில் இருப்பது லாபிஸ், லத்தீனில் கல். முன்னால் இருக்கும் துண்டுக்குப் பிரிந்து, சிதறி என்று பொருள். ஆக, கல்லிலிருந்து கல்லைப் பிரித்துச் சிதறவிடுவது. உரோமர்கள் அதைச் சொத்துக்கும் சொன்னார்களாம், கையில் இருக்கும் கல்லை எறிகிறமாதிரி இருந்ததை எல்லாம் எறிந்து அழிப்பது. பிறகு இங்கிலாந்தில் தேவாலயத்து வீட்டைப் பொறுப்பெடுத்த குருவானவர் கூரை ஒழுக, சுவர் இடியக் கவனிக்காமல் விட்டுவிட்டால், அடுத்து வருகிறவர் அந்தச் சொல்லாலேயே அவர்மேல் வழக்கு வைக்கலாமாம்.

"தேய்ஞ்சது, உக்கினது, இத்தது எண்டு இங்கிலீசில எத்தினையோ சொல்லு இருக்கு. அதெல்லாம் தானா நடக்கிறது. இது அப்பிடி இல்லை. இதுக்குள்ள கல்லும் இருக்கு, அதைப் பிரிச்ச கையும் இருக்கு, பாத்துக்கொண்டு நிண்ட பொறுப்பாளியும் இருக்கு" என்றார் மிஸ். அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "நீங்கள் கல் சிதறிப்போச்சு எண்டு எழுதியிருக்கிறியள். சிதறின கல் எங்க?"

அந்தக் கட்டின் நீர்ப்பக்கத்து அடியில் ஒரு நீளத்துக்கு மண் அம்மணமாகத் தெரிந்தது. கல் சரிந்து கிடந்ததையும் கண்டிருந்தேன். ஆனால் சரிந்து கிடந்த கல் கொஞ்சம்தான். கட்டியவர்கள் அடுக்கியதில் மிச்சம் எங்கே என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்று நம்மவர்கள் சொல்வார்கள். தேய்ந்த மிச்சம் எங்கே போனதென்று கழுதையிடம் யாரும் கேட்பதில்லை.

அடுத்த நாளே போனேன். கட்டிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்ததும் பதில் கிடைத்துவிட்டது. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளின் அத்திவாரங்களில், ஒரு பக்கம் அலை தேய்த்து வழுவழுப்பான கருங்கற்கள் இருந்தன. குளத்தில் கிடந்த கல்லை எந்தச் சீமெந்துக்குள் போட்டாலும் எனக்குத் தெரியும். அந்த ஊர்ச் சனம் முந்தைய ஒரு வன்செயலில் மலையகத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். பிறகு நடந்த சண்டையில் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டு ஓடி, முகாமில் கிடந்து, அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். வீட்டுத்திட்ட உதவி கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் முடிந்ததை அதிகாரி வந்து கண்டால்தான் அடுத்த கட்டம். கல் வாங்குவதற்கோ லொறி வேண்டும், லொறிக்காரருக்கோ எங்கும் வேலை கிடைத்த காலம்.

மிஸ்ஸிடம் சொன்னேன். பொலிசுக்கு எழுதச் சொல்வார் என்று நினைத்தேன், சட்டம் அப்படித்தான். அவர் குடையை எடுத்துக்கொண்டு, "வாங்கோ, போய்க் கேப்பம்" என்றார்.

நாங்கள் வருவது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. குளக்கட்டுப் பிள்ளையாருக்கு முன்னால், மருத மர நிழலில் சனம் கூடி நின்றது. முகங்களைப் பார்த்தபோது வீட்டை உடைக்க வந்திருக்கிறோம் என்று அவர்கள் நினைத்திருப்பது விளங்கியது. மிஸ் யாரோ கொண்டுவந்த கதிரையை விட்டுவிட்டுக் குளக்கட்டின் மேலேயே உட்கார்ந்தார். தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, "எந்தக் கல்லை எடுத்தீங்கள், எப்பிடி எடுத்தீங்கள், அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

முன்னால் வந்தவர் ராசாத்தி. மாதர் சங்கத் தலைவி. கணவர் சண்டையில் இல்லாமற்போக, இரண்டு பெண்பிள்ளைகளோடு தறப்பாள் கொட்டிலில் இருந்தார். வீடு தொடங்கியவர்களில் கடைசி ஆள் அவர்தான்.

"அம்மா, மேல இருந்து ஒரு கல்லுகூட நாங்க எடுக்கலீங்க. அலை அடிக்கிற எடம் மேலதான்னு எங்களுக்குத் தெரியும். அதுல கை வச்சா குளத்துக்குச் செய்ற துரோகம். அடியில, சேத்துக்குள்ள சும்மா கெடந்த வரிசையத்தான் எடுத்தோம். பிள்ளையாருக்குத் தேங்காய் ஒடைச்சுக் கேட்டுட்டுத்தான் எடுத்தோம்."

தேங்காய் எப்படி உடைந்தது என்று மிஸ் கேட்டார். சரிபாதியாக என்றார் ராசாத்தி. கூட்டத்தில் நான்கைந்து பேர் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

நான் வாயைத் திறந்தேன், மிஸ் கையால் தடுத்தார். அவர்கள் சொன்னது முழுக்க உண்மை என்று எனக்கும் விளங்கியது. கள்ளத்தனமாக எடுப்பவன் மேலிருந்து, கைக்கு எட்டியதை எடுப்பான். இவர்கள் குளத்தின்மேல் வைத்த பக்தியால், சேற்றுக்குள் இறங்கி, அலவாங்கு போட்டு நெம்பி, கஷ்டப்பட்டு அடிவரிசையை எடுத்திருக்கிறார்கள். அந்த அடிவரிசைதான் மேலே உள்ள அத்தனை கல்லையும் தாங்கி நிற்பது. அதை எடுத்தால் மேற்கல் உடனே விழாது. ஒரு மாரி பொறுத்திருக்கும், பிறகு தண்ணீருக்குள் ஒவ்வொன்றாக வழுகிப் போகும், சத்தமே கேட்காது.

மிஸ் கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் நின்று, அடிவரிசை எடுத்த இடத்து மேற்கல் ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினார். அது உருண்டு சேற்றுக்குள் போனது. அடிவரிசை எடுபடாமல் இருந்த இடத்தில் இன்னொன்றைத் தள்ளினார். அது அசையவில்லை. ராசாத்தி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

"எங்க வீட்ட ஒடைச்சிருவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை. வீடு நிக்கட்டும். ஆனா மாரிக்கு முன்னம் எனக்கு அடிவரிசை வேணும். கல்லு நான் கொண்டுவந்து தாறன், அடுக்குற கை உங்கட. சம்மதமோ?"

சம்மதம் என்று ஊர் சொன்னது. திரும்பி வரும் வழியில் பொலிசைப் பற்றி நானே கேட்டேன். மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தச் சனம் கல் எடுக்கேக்க இந்தக் கட்டைப் பாக்கிறதுக்கு எங்கட ஆள் ஒருத்தரும் அங்க இல்லை, செல்வராசா. பொறுப்பெடுத்தவை கவனிக்காமல் விட்டதும் அந்தச் சொல்லுக்குள்ள இருக்கெண்டு சொன்னனான் எல்லோ. வழக்கு வைக்கிறதெண்டால் எங்கள் மேலயும் வைக்கவேணும்." அறிக்கையிலும் அப்படியே எழுதினார். கல் எடுக்கப்பட்டது, வீட்டு அத்திவாரத்துக்கு, அந்நேரம் குளத்தைப் பார்க்க அலுவலகத்திலிருந்து யாரும் இல்லை. தன் அலுவலகத்தைக் குறை சொல்லித் தானே கையெழுத்து வைத்த மேலதிகாரியை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

ஆவணி, புரட்டாதி முழுக்க வேலை நடந்தது. மிஸ் எங்கெங்கோ கதைத்து, யார் யாரிடமோ இரந்து, லொறி லொறியாகக் கல் கொண்டுவந்தார். ஊர்ச் சனம் வெயிலில் நின்று அடுக்கியது. நல்ல வேலைக்காரர். தோட்டத்தில் மலைச்சரிவில் கல்லணை கட்டிய குடும்பங்களாம், கல்லைப் பார்த்ததும் அது எந்தப் பக்கம் இருக்கும் என்று கைக்குத் தெரிகிறது. எனக்கு மேற்பார்வை என்ற பெயரில் தேநீர் குடிக்கும் வேலைதான் மிஞ்சியது. தெற்கு முனையில் ஒரு துண்டு மட்டும் பாக்கி. அதற்கான கல்லோடு லொறி அடுத்த கிழமை வரும் என்றார்கள். ஆனால் முந்திக்கொண்டு மழை வந்துவிட்டது.

வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொன்னவர் வன்னி மாரியை அறியாதவர். அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. இடைவிடாமல் கொட்டியது. விடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது மேலதிக நீர் வழியும் வான் முழு அகலத்துக்கும் பாய்ந்துகொண்டிருந்தது. மிஸ் எனக்கு முன்பே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்து நின்றார். குடை காற்றில் மடங்கிவிட்டது, அதை ஊன்றுகோலாக வைத்திருந்தார். வாடைக்காற்று குளத்தை முழுக்க உழுது தெற்கு முனையில் கொண்டுவந்து மோதியது. கல் இல்லாத அந்தத் துண்டில் கட்டு ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் குடைந்துவிட்டது. கட்டின் மேற்பகுதியில் வண்டி போகும் அகலம் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் போகும் அகலம்தான்.

உரப்பைகளில் மண் நிரப்பி ஆண்கள் போட்டுக்கொண்டேயிருந்தார்கள். போட்ட பை நிற்கவில்லை. கீழே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் வழுகி வழுகி ஆழத்துக்குப் போனது. அந்த முனையில் தண்ணீர் நெஞ்சளவுதான், இறங்கி நின்று அடியில் கல் வைத்தால் பை நிற்கும். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. கல் ஏற்றிய லொறியோ மதகு உடைந்து பிரதான வீதியிலேயே நின்றுவிட்டது. கட்டுக்குக் கீழே வயல். வயலை அடுத்து அந்தக் கொட்டில்களும் பாதி எழும்பிய வீடுகளும். குழந்தைகளையும் வயதானவர்களையும் ஏற்கெனவே மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாயிற்று.

மண் சுமந்துகொண்டிருந்த ராசாத்தி பையைக் கீழே வைத்துவிட்டு மிஸ்ஸிடம் வந்தார்.

"அம்மா, கல்லு இருக்குங்க."

"எங்க?"

"எங்க வீட்ல. அத்திவாரத்துக்கு வெட்டுன கெடங்குல அடுக்கினபடி இருக்கு. சீமெந்து இன்னும் விடல்ல."

மிஸ்ஸுக்கும் எனக்கும் அந்த வீட்டின் நிலைமை தெரியும். மற்றவர்களுடைய அத்திவாரங்கள் சீமெந்தில் இறுகிச் சுவர் ஏறிவிட்டன. ராசாத்தியுடையதுதான் திறந்து கிடந்தது. அதிகாரி பார்க்க வரும்போது அத்திவாரம் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிட்டு, அடுத்து நிற்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுபடி எப்போது என்று யாருக்கும் சொல்ல முடியாது. அந்தப் பெண்பிள்ளைகள் இரண்டும் தறப்பாளுக்குள்ளேயே வளர்ந்துவிடும்.

"வேண்டாம் ராசாத்தி. அதிகாரிமார் பாக்க வாற நேரம் கிட்டுது. உங்கட வீடு போயிடும்."

"இந்தக் கட்டு போனா, வீடு எந்த நெலத்துலங்கம்மா நிக்கும்?" என்றார் ராசாத்தி. "நாங்க எடுத்த கல்லுதானே. கொண்டாரச் சொல்லுங்க."

கொண்டுவரச் சொல்ல மிஸ்ஸுக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். ராசாத்தி காத்திருக்காமல் திரும்பி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உழவு இயந்திரத்தில் ஏறினார். நானும் ஏறினேன். கிடங்கில் மழைநீர் நிரம்பிக் கிடந்தது. அதற்குள் இறங்கி முதற்கல்லை அவரே தூக்கித் தந்தார். வாங்கும்போது எனக்கு அழுகை வந்தது. மழையில் தெரியாது என்பதால் அழுதேன். அந்த அத்திவாரத்தை அவர் தன் பிள்ளைகளோடு சேர்ந்து, மண்ணில் கோடு போட்டு, இது குசினி, இது சாமியறை என்று சொல்லிச் சொல்லி அடுக்கியதை வேலை பார்க்கப் போன நாட்களில் நான் கண்டிருக்கிறேன்.

பெட்டி பெட்டியாகக் கல் போனது. ஆண்கள் கையைக் கோர்த்துத் தண்ணீருக்குள் இறங்கி, காலால் தடவி இடம் பார்த்து, அடியில் ஒன்றை ஒன்று பிடிக்கும்படி வைத்தார்கள். அதன்மேல் போட்ட உரப்பை நின்றது. அதற்கு மேல் போட்டதும் நின்றது. மத்தியானம் கடந்தபோது அலை மோதிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கட்டு அதற்குமேல் கரையவில்லை. நான் பழக்கதோஷத்தில் வெளிப்பக்கம் இறங்கி அடியில் நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் நீர் கசிந்தது. கையில் ஏந்திப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. மேலே ஏறி மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சீனி அள்ளிப் போட்ட தேநீர். ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

காலபோக நெல் வெள்ளத்துக்குத் தப்பியது. தைப்பொங்கலுக்கு அந்த ஊர்ப் புதிரிசி எனக்கும் வந்தது. ஆனால் ராசாத்தியின் காணியில் இருந்தது ஒரு குட்டை. பிள்ளைகள் அதில் கப்பல் விட்டு விளையாடினார்கள். வெள்ளத்தைக் காரணம் காட்டி அதிகாரியின் வருகை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் எவ்வளவு காலத்துக்கு?

மாசியில் ஒருநாள் வந்தார். இளந்தாரி, கடும் ஒழுங்குக்காரர் என்று கேள்வி. அளவுநாடா, புகைப்படக் கருவி, பளபளவென்று சப்பாத்து. மிஸ்ஸுக்கு எப்படியோ தகவல் போயிருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி அந்தக் கிடங்கின் கரையில் நின்று ராசாத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன முறை இஞ்ச அத்திவாரக் கல் அடுக்கியிருந்ததுக்குப் படம் இருக்கு. இப்ப இல்லை. கல்லை வித்துப்போட்டியளோ?"

தான் செய்ததைத் தன் வாயால் சொல்லிக்காட்டுவது ராசாத்திக்கு வராது. பிள்ளைகள் இரண்டும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"தம்பி, என்னோட கொஞ்சம் வாங்கோ" என்றார் மிஸ்.

அந்த அதிகாரி தன் வேலை வேறு, நேரமில்லை என்றார். மிஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் நடந்தால் பின்னால் போகாமலிருக்க முடியாது, எங்களுக்கு அது பழகிப்போனது. அதிகாரியும் வந்தார். வயல் வரம்பால் நடந்து கட்டில் ஏறித் தெற்கு முனைக்குப் போனோம். குளத்தில் நீர் இறங்கியிருந்தது. உரப்பைகளுக்கு அடியில் அந்தக் கல்வரிசை வெளியே தெரிந்தது. கட்டுக்கு இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயலும் புதுச் சுவர்களும் கூரைகளும்.

மிஸ் குடையின் நுனியால் அந்தக் கல்லைக் காட்டினார்.

"ராசாத்தியின்ர அத்திவாரம் இது. அளந்து எழுதுங்கோ."

நடந்ததை நான் சொன்னேன். அதிகாரி கல்லைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், தன் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கட்டின்மேல் வைத்தார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, அளவுநாடாவின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"பிடியுங்கோ ஐயா" என்றார்.

அந்த அளவிலேயே அடுத்த கட்டம் கிடைத்து, புதுக்கல்லில் அத்திவாரமும் போட்டு, ராசாத்தியின் வீட்டுச் சுவர் அடுத்த மாதமே எழும்பத் தொடங்கியது.